முதல் ஒலிப்பதிவு

அண்ணனின் இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு வருமுன் சவரக்கத்தியை வெந்நீரில் ஒருமுறை அலசினார் தம்பி. அண்ணன் பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. காலையில் வந்த டாக்டர், இனி மருந்து எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணிக்கும் புரிந்தது, இவருக்கும் புரிந்தது. அண்ணி வெந்நீர் வைத்துக் கொடுத்தார், இவர் சவரம் செய்ய உட்கார்ந்தார்.

தம்பிக்கு அறுபத்தெட்டு வயது. பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிடில்காரரின் தம்பி என்று ஆரம்பித்து, பேராசிரியரின் தம்பி என்று மாறி, கடைசியில் வெறும் தம்பி என்றே நிலைத்துவிட்டது. மர மில்லில் ரம்பங்களுக்குப் பல் தீட்டுவது அவர் வேலை. இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் கூப்பிடுவார்கள். ரம்பம் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காது அண்ணனோடு சுற்றியதால் வந்தது என்பார்.

அண்ணனும் அதே மில்லில் பதினைந்து வருடம் மரம் அறுத்தவர்தான். பகலில் ரம்பம், சனிக்கிழமை சாயங்காலங்களில் பிடில். கல்யாண வீடோ ஊர் ஆட்டமோ, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பிடிலை மோவாயில் இடுக்காமல் நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினால், ஆடுகிறவர்கள் சோர்ந்து உட்கார்ந்தால்தான் நிறுத்துவார். ஐந்து மணி நேரம் வாசித்தாலும் ஒரு மெட்டு இரண்டு தடவை வராது. இதையெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தம்பி ஒருமுறை கேட்டார். எந்த மெட்டை யாரிடம் கேட்டோம் என்பது ஞாபகமிருந்தால் போதும், அந்த ஆளின் முகம் வந்தால் மெட்டும் கூடவே வந்துவிடும் என்றார் அண்ணன்.

முகத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தபோது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேடம் வந்திருக்காங்க, தம்பி."

தம்பிக்குக் கை நின்றது. மேடம் என்றால் இந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் பெட்டி போன்ற டேப் ரிக்கார்டர் ஒன்றைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து, அண்ணனின் வாசிப்பை முதன்முதலில் பதிவு செய்துகொண்டு போன ஆய்வாளர். அதை வைத்து அவர் ஒரு புத்தகம் எழுதினார். நான்கு வருடம் கழித்து அந்தப் புத்தகம் எப்படியோ மில்லுக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் மரக்கட்டை மேல் உட்கார்ந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, மூன்று மாதம் அதைப் படித்தார் அண்ணன். அவரைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருந்தது. மெட்டு மேலேறும்போது மூன்றாவது சுரத்தில் இந்தக் கலைஞர் தவறுகிறார், முறையான பயிற்சி இல்லாததே காரணம் என்று எழுதியிருந்தது.

அண்ணன் கோபப்படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "நான் இதுல இருக்கேன். ஆனா தப்பா இருக்கேன்" என்று சிரித்தார். மறுவாரம் மாலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் தம்பி பக்கத்திலிருந்து பார்த்தும் முழுதாக நம்ப முடிந்ததில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினார் அண்ணன். முப்பத்தெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைந்தபோது, காவல்காரர் என்று நினைத்து ஒரு மாணவி அவரிடம் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை அவர் பத்திரமாக வைத்திருந்து சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆராய்ச்சி. அந்த மூன்றாவது சுரம் தப்பில்லை, எழுதி வைத்த இரண்டு சுரங்களுக்கு நடுவே பழைய வாசிப்பில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பது அண்ணனின் கட்சி. விடுமுறை நாள் தவறாமல் மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். பின்னால் தம்பி, மடியில் டேப் ரிக்கார்டரும் பேட்டரியும். மலையடிவாரம், ஆற்றங்கரை, துறைமுகம் என்று எங்கே பழைய பிடில்காரர் இருந்தாலும் போய் அதே மெட்டை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள்.

அதில் ஒரு நாளைத் தம்பி மறக்கவே இல்லை. பார்வை போன ஒரு முடிதிருத்துபவர். பிடிலைத் தொட்டு இருபது வருடமாயிற்று என்றார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணன் தன் பிடிலை அவர் மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம் கழித்து அவர் வில்லை எடுத்தார். முதலில் கரகரவென்றுதான் வந்தது. பிறகு மெட்டு மேலேறியது. மூன்றாவது சுரம் வந்தபோது தம்பிக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. முந்தின நாள் துறைமுகத்தில் கேட்ட அதே இடம். ஒருவரை ஒருவர் கண்ணால்கூடப் பார்த்திராத இரண்டு பேருடைய விரல், ஒரு மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் விழுந்தது. அண்ணன் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தார்.

அப்படி இருநூற்றுக்கும் மேல் பதிவுகள். எல்லாவற்றையும் பல்கலைக்கழகக் கருவியில் போட்டு அளந்து ஆய்வேடு எழுதினார்; அது பின்னால் புத்தகமாகவும் வந்தது. நாற்பத்தாறு வயதில் டாக்டர் பட்டம், பிறகு பேராசிரியர் பதவி. சனிக்கிழமை ஆட்டத்தை மட்டும் விடவில்லை. இன்னும் ஏன் அங்கே போய் வாசிக்கிறீர்கள் என்று கல்லூரியில் கேட்டால், ஆராய்ச்சி என்பார். கல்லூரிக்கு என்னத்துக்குப் போகிறாய் என்று ஆட்டக்காரர்கள் கேட்டால், நல்ல நாற்காலி தருகிறார்கள் என்பார்.

ஆனால் தம்பியின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அந்த முதல் பதிவுக்கு முந்தின நாள். அண்ணன் பலகையின் அந்த முனையைப் பிடித்திருந்தார், இவர் இந்த முனையிலிருந்து ரம்பத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயது. கவனம் எங்கோ போய்விட்டது, வேகமாகத் தள்ளிவிட்டார். அண்ணனின் இடது நடுவிரல் நுனியை ரம்பம் கடித்தது. அதற்கு முந்தின மாதம்தான் இதே மாதிரி ஒரு விபத்துக்காக முதலாளி ஒருவனை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். அண்ணன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே நடந்துபோனார். வீட்டுக் கதவில் நசுங்கியது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். மறுநாள், அவ்வளவு தூரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், விரலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாசித்தார். மூன்றாவது சுரம் அந்த விரலில்தான் வரும். அன்று அது எங்கும் சரியாக விழவில்லை. பழைய இடத்திலும் விழவில்லை. மேடம் எழுதியதில் அந்த ஒரு நாளைப் பொறுத்தவரை பிழையே இல்லை. அண்ணனையும் தன்னையும் தவிர யாருக்கும் அது தெரியாது என்றே தம்பி நினைத்திருந்தார். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் தேர்வாளராக இதே மேடம் வந்தபோது, தம்பி மூடிய கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தபோது மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன. பட்டம் கிடைத்துவிட்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்று அண்ணனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மேடம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். எழுபத்தேழு வயது. கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். அது ஆறியது.

தம்பி திடீரென்று பேசினார். பேசப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"மேடம், அன்னைக்கு நீங்க எழுதினது தப்பில்ல. அண்ணனுக்கு விரல்ல வெட்டு. ரம்பத்துல பட்டது. நான்தான் காரணம்."

மேடம் திரும்பிப் பார்த்தார். ஆச்சரியப்பட்டவர் மாதிரி தெரியவில்லை.

"வெட்டு இருந்தது எனக்குத் தெரியும். அவர் புத்தகத்திலேயே இருக்கே. நீங்க படிக்கலையா?"

தம்பி படித்ததில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி அட்டை போட்டு பீரோவில் இருக்கிறது. நான்காம் வகுப்போடு நின்றவர் அவர். முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல மெதுவாகச் சொன்னார். "பதிவு எண் ஒன்று கணக்கில் சேர்க்கப்படவில்லை. அன்று வாசித்தவரின் விரலில், தன் சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட காயம் இருந்தது. எனவே ஆய்வுக்கு உட்பட்டவை இருநூற்றுப் பதினொரு பதிவுகள் மட்டுமே."

"சொந்தக் கவனக்குறைவா?"

"அப்படித்தான் எழுதியிருந்தார். இப்போ நீங்க சொல்லித்தான் எனக்கு மீதி தெரியுது."

தம்பி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மேடம் தொடர்ந்து சொன்னார். தேர்வு அறையில் அவர் அண்ணனைக் கேட்டாராம். இந்த ஆராய்ச்சியே உங்கள் வாசிப்பை நான் தப்பு என்று சொன்னதால் வந்தது, அந்தப் பதிவையே விலக்கிவிட்டால் நீங்கள் இந்த ஆய்வேட்டில் எங்கேயுமே இல்லாமல் போய்விடுவீர்களே, ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று.

"அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'அன்னைக்கு விரல் விழல, மேடம். விழாததை விழுந்ததா எழுதினா, சரியா வாசிச்ச இருநூத்திப் பதினோரு பேருக்கு நான் என்ன மரியாதை குடுத்தேன்?'ன்னார். என் புத்தகம் தப்புன்னு தேர்வறிக்கையில எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில நான் சந்தோஷமாப் போட்ட கையெழுத்து அது ஒண்ணுதான்."

கதவருகே நின்ற அண்ணியைத் தம்பி பார்த்தார். "அண்ணன் இப்படி எழுதினது உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"கட்டுப் போட்டதே நான்தானே. நீங்க அதைப் படிச்சிருப்பீங்கன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன், தம்பி" என்றார் அண்ணி. ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேடம் புறப்பட்ட பிறகு தம்பி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணனின் சவரம் செய்த முகத்தில் தாடைக்குக் கீழே நான்கைந்து முடி விடுபட்டிருந்தது. கத்தியை எடுத்து அதையும் நிதானமாக மழித்தார். மூன்றரை மணிக்கு அண்ணனின் மூச்சு இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்தார். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. பதினோரு மணிக்கு அண்ணனை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தார். தெருமுனை திரும்பியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். மில்லின் கடைசி வரை, அதையும் தாண்டிப் பாலம் வரை. ஆட்டத்துக்கு வாசிக்கிறவர்கள், பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள், மாணவர்கள், பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரர்கள். வழக்கமாக இவர்கள் ஒரே அறையில் இருந்தால் தனித்தனி மூலையில்தான் நிற்பார்கள். இன்று மழையில் யார் எவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசிக்கத்தான் பிடிலை எடுத்து வந்திருந்தார்கள். இந்த மழையில் யாராலும் பெட்டியைத் திறக்க முடியவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன சார், இவ்வளவு பேர் நிக்கிறாங்க, ஒருத்தர்கூட குடை பிடிக்கலையே?"

"பிடிச்சிருக்காங்க" என்றார் தம்பி. "கீழ பாருங்க."

ஒவ்வொருவர் காலடியிலும் பிடில் பெட்டி இருந்தது. குனிந்து அதன் மேல் குடையைப் பிடித்தபடி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி பாலம் வரை நடை வேகத்திலேயே போயிற்று.