அமாவாசைக்கு அடங்கும் பிள்ளை

...அசையவே இல்லை என்று துணிந்து சொல்லவும் முடியவில்லை, விடிந்ததும் பல் துலக்கும்போது இடது பக்கம் ஏதோ லேசாக உருண்டது, ஆனால் அது பிள்ளையா, நேற்றுத் தின்ற பச்சைப்பயிறா, வாயுவுக்கும் வாரிசுக்கும் வித்தியாசம் தெரியாத இவளெல்லாம் ஒரு அம்மாவாகப் போகிறாளாம். கீர்த்தனா கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்ந்து, வயிற்றின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டு கிடந்தாள். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் இந்நேரத்துக்கு விலாவில் உதைத்து மூச்சு வாங்க வைத்திருக்கும், இன்றைக்கு என்ன வந்தது இதற்கு? ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டாள், இனிப்புத் தின்றால் துள்ளும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். துள்ளவில்லை. டம்ளர் நிறைய ஐஸ் தண்ணீர் குடித்தாள்... ஊகூம். "அமாவாசையன்னிக்குப் புள்ள அடங்கித்தான் கண்ணு கெடக்கும்" என்று மாமியார் தெய்வாத்தாள் கதவருகே நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தாள், "நெலாவுக்கே தெம்பில்லாத நாளு, அதுக்கு மட்டும் எங்கிருந்து வருமாமா? போன அமாவாசைக்கும் நீ இப்படித்தான மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுக் கெடந்த, உச்சிக்கு மேல துள்ளலையா?" துள்ளியது, அதுதான் வாயை அடைத்துவிடுகிறது. போன அமாவாசைக்கும் காலை முழுக்கச் செத்த அமைதி, மத்தியானம் ஆனதும் ஒரே ஆட்டம்.

அப்படியானால் உண்மைதானோ... கடலையே தூக்கி இறக்குகிற நிலா, ஒரு பனிக்குடத்துத் தண்ணீரையா விட்டுவைக்கும்? இதை டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார், கடல் வேற, கர்ப்பப்பை வேறம்மா என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் நர்ஸ் இவள் காதருகே குனிந்து, பௌர்ணமி வந்தா வார்டுல பெட்டு கெடைக்காதுங்க்கா என்று கிசுகிசுத்தாள், யாரை நம்புவது? கல்லூரி விடுதியில் இவளுக்கு மாதாமாதம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், மொட்டைமாடியில் நிலாவைப் பார்த்தாலே தோழிகள் கீர்த்தனாவுக்கு நாப்கின் எடுத்து வையுங்கடி என்று கேலி செய்வார்கள். ஆனால் பரீட்சை வந்த மாதங்களில் தள்ளிப் போனதே, காய்ச்சலில் கிடந்தபோது தேய்பிறையில் வந்ததே, அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்தார்கள், பொருந்தி வந்த மாதங்களை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், இவளும்தான். போனில் தேடினால் நிலாவுக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்று போட்டிருக்கிறது. போன் சொன்னதை இந்த வீட்டில் யாரிடம் சொல்ல? ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று காலையில் கேட்டதற்கு மாமியார் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள், இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் கத்தியை எடுத்துவிடுவார்கள், அமாவாசையில் பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது, வளர்பிறை வந்ததும் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம், அங்கே போய் நிம்மதியாகப் பெற்றுக்கொள்ளட்டும்... எல்லாம் முன்பே பேசி முடித்தாகிவிட்டது. கட்டிய புருஷன் அருண்குமாராவது ஏதாவது சொல்வான் என்று முகத்தைப் பார்த்தாள். "பூசை முடியட்டும் கீர்த்தனா, பூசணிக்காயை ஒடைச்சுட்டு வந்தர்றேன்" என்று ஈரத் தலையோடு கீழே இறங்கிப் போய்விட்டான். அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

கீழே அவர்களுடைய பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட். மேலே வீடு. வேலம்பாளையத்தில் இப்படி எத்தனையோ, சம்பாத்தியத்தின் தலைமேல்தான் எல்லாரும் பாய் விரித்துப் படுக்கிறார்கள். இரவு பகல் பாராமல் ஓடும் மிஷின்களை அமாவாசைக் காலையில் மட்டும்தான் நிறுத்துவார்கள், பஞ்சுத் தூசியை ஊதி, துடைத்து, பொட்டு வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, உச்சி வேளையில் மறுபடி ஓட விடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அதிர்வில் இவளுக்குத் தூக்கமே வரவில்லை, கட்டில், ஜன்னல் கம்பி, குடிக்கிற தண்ணீர் எல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கும், பிறகு பழகிவிட்டது, பழகியதோடு மறந்தும் போய்விட்டது. இப்போது எவ்வளவு நிசப்தம், மின்விசிறியின் கிறீச்சுகூடக் கேட்கிறது, ஷெட்டில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன்கள் கீழே எதற்கோ சிரிக்கிறார்கள். என்னடா சாமி, நீயும் லீவா? உனக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டுமா? கேலியாகத்தான் கேட்டாள், உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. மணி ஒலித்தது. சிறிது நேரத்தில் ஒரு மிஷின் உறுமியது, அதைத் தொடர்ந்து மற்றவையும் கிளம்பின, அந்த நொடியே உள்ளங்கைக்கு அடியில்... இதோ, இதோ துடிக்கிறது, அசைகிறது, "அத்தை!" என்று கத்திவிட்டாள். தெய்வாத்தாள் ஓடிவந்து வயிற்றில் கை வைத்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, நாஞ் சொன்னனா இல்லியா? அமாவாசை எறங்குது, புள்ள ஏறுது" என்று நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் படி இறங்கினாள். கீர்த்தனா விசும்பி விசும்பி அழுதாள், என்ன ஒரு ஆறுதல், காலையிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று எப்படி அலட்டிக்கொண்டோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்து, மறுபடி வைக்கப் போகையில் கை தலையணை மேல் விழுந்தது. தலையணையும் துடித்தது. அதே துடிப்பு. சுவரைத் தொட்டாள்... சுவரும்.

எப்படி எழுந்தாள், எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது, செருப்புகூடப் போடவில்லை. வாசலில் சிதறிக் கிடந்த பூசணித் துண்டுகளைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தார் ரோட்டைக் கடந்து, எதிர்ச்சாரியின் காலி மனைக்குள் போய் நின்றாள். மிஷின் சத்தம் இங்கேயும் கேட்டது, ஆனால் தரை நடுங்கவில்லை. மண் மண்ணாக இருந்தது. இரண்டு கைகளையும் வயிற்றில் அழுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சாமி, ஒரு தரம், ஒரே ஒரு தரம்... ஒன்றும் இல்லை. போன அமாவாசைக்குத் துள்ளியது யார்? இதுவா, கீழே ஓடியதா? நிலாவும் இல்லை கிலாவும் இல்லை, மிஷினைப் பூசைக்கு நிறுத்தினால் அடங்குகிறது, முடிந்ததும் ஆடுகிறது, அவ்வளவுதானா?

"ஏங் கீர்த்தனா, வெறுங்காலோட வெயில்ல நிக்கறே?" அருண்குமார் குங்குமக் கையோடு ஓடிவந்தான்.

"வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"இன்னிக்கு அமாவாசை. அம்மாதான் சொன்னாங்கள்ல, நாளைக்குச் செரியாயிருமாமா..."

"நேத்து அமாவாசை இல்லீங்களே" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுக்க ஓடினான். அவளுக்கே அதைச் சொன்ன பிறகுதான் விளங்கிற்று. நேற்று மிஷின் நாள் முழுக்க ஓடியது, முந்தாநாளும் ஓடியது, இவளும் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஆடுகிறது ஆடுகிறது என்று தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மிஷினே இல்லாத அவிநாசிக் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஓங்கி உதைத்ததே, அது பிள்ளை, அது சத்தியமாகப் பிள்ளை... அதற்குப் பிறகு?