மூடிய பெட்டியில் சேனை இல்லை

பெட்டி மூடியிருந்தது. நான்கு பக்கமும் கிளிப் போட்டபடியே இருந்தது. உள்ளே பாம்பு மட்டும் இல்லை.

அமல்ராஜ் சாப்பாட்டு மேசையின் மேல் ஏறி, கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் அவனுக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு உருப்படி பழுதாக வந்தால், ஏன் அப்படி வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். அதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் அங்கே எந்த உருப்படியும் மேசைக்கடியில் ஊர்ந்து வந்து காலைத் தொடாது.

பெட்டியில் விசேஷமாக ஒன்றும் இல்லை. துணி அடுக்கி வைக்க விற்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி. காற்றுக்காக இரண்டு பக்கமும் கம்பியைச் சூடாக்கிப் போட்ட துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பென்சில் நுழையும், அவ்வளவுதான். பெட்டிக்கு அடியில் ஒரு முனையில் மட்டும் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பு ஒட்டியிருந்தது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை ஆறியும் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தை அதுவே நகர்ந்து தேடிக்கொள்ளும். சூடான பக்கத்தில், விளிம்பை வாசல் மாதிரி உடைத்துக் கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டி. ஆறிய பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். கீழே மடித்து விரித்த நியூஸ்பேப்பர்.

பாம்பு பகலெல்லாம் சட்டிக்குள்தான் இருக்கும். மத்தியானம் அவன் மனைவி நிவேதிதா, வேலையாகப் போயிருந்த பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, “சேனையைக் கொஞ்சம் காட்டேன்” என்று கேட்டபோது, அவன் ஒரு கையில் போனும் மறு கையில் சமையலறை இடுக்கியுமாகப் போய்ச் சட்டியைத் தூக்கினான். அடியில் வெறும் காகிதம்.

“பதறாத,” என்றாள் நிவேதிதா. ஆனால் அவள் குரல்தான் முதலில் பதறியது. “வீட்டுக்குள்ளதான் இருக்கும். இருட்டா, இறுக்கமா, சூடா இருக்கற இடத்தைத் தேடிப் போகும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாரு. இன்வர்ட்டர்கிட்ட பாரு. கெடச்சா கூப்பிடு.”

“கெடச்சா நான் எப்படிடி கூப்பிடுவேன்? உயிரோட இருப்பேனா?”

“ஒரு வயசுக் குட்டிடா அது. விஷம் கெடையாது. உன்னைப் பாத்து அதுதான் நடுங்கும்.”

இதெல்லாம் அவனுக்குத் தெரியும். பால் பைத்தான், அதாவது பந்து மலைப்பாம்பு என்று பெயர். ஆப்பிரிக்க இனம். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்திருந்தால் குற்றம். இதற்கு முறையாகப் பதிவு செய்த காகிதம் இருக்கிறது. சுருண்டு கிடந்தால் பழுப்பும் கறுப்புமாக, காய்கறிக் கடையில் வைத்திருக்கும் சேனைக்கிழங்கைப் போலவே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். தெரிந்ததெல்லாம் தலையோடு நின்றது; உடம்புக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

பயம் வேலை செய்கிற விதம் அப்படி. வளைந்து நீளமாக எதைக் கண்டாலும், அது என்ன என்று புத்தி யோசிப்பதற்கு முன்பே உடம்பு குதித்துவிடும். மேசையிலிருந்து இறங்கிய அமல்ராஜ், சார்ஜர் வயருக்கு ஒரு முறையும், குளியலறையில் விழுந்து கிடந்த ஈரத் துண்டுக்கு ஒரு முறையும், தன் இடுப்பு பெல்ட்டுக்கு ஒரு முறையும் கத்தினான். ஃப்ரிட்ஜை விளக்குமாற்றுக் கட்டையால் நகர்த்திப் பார்த்தான். இன்வர்ட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தான். ஒவ்வொரு ஷூவையும் இடுக்கியால் தூக்கிக் குலுக்கினான். தலையணை உறையைப் பிடித்து இழுத்தபோது வியர்வை கண்ணில் இறங்கியது.

எங்கும் இல்லை. அதைவிட, வெளியே போக வழியே இல்லையே என்பது அவனைக் குடைந்தது. துளையில் பாம்பின் தலை நுழையாது. மூடியை உள்ளிருந்து தூக்கினால் கிளிப் தெறித்திருக்க வேண்டும். தெறிக்கவில்லை. வெளியே போன பிறகு நான்கு கிளிப்பையும் போட்டுவிட்டா போயிருக்கும்?

அப்போதுதான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. இன்று மாலை பூச்சி மருந்து அடிக்க ஆட்கள் வருகிறார்கள். தரைத்தளம், குப்பை அறை, குழாய்ச் சந்து என எல்லா இடத்திலும் அடிப்பார்கள். குழந்தைகளை வெளியே விட வேண்டாம்.

அமல்ராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டான். குழாய்ச் சந்து என்பது எல்லாக் குளியலறைகளுக்கும் பின்னால் மேலிருந்து கீழே போகும் இடுக்கு. இருட்டு, இறுக்கம், சூடு மூன்றும் அங்கே உண்டு. கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற மருந்து பாம்பையும் விடாது. வயிற்றைத் தரையோடு தேய்த்து நகர்கிற உயிர், நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சுவைத்து வழி பார்க்கிற உயிர். மருந்து உடம்பிலும் படும், வாய்க்குள்ளும் போகும். மருந்திலிருந்து தப்பி யார் கண்ணிலாவது பட்டால், சென்னையின் ஓரத்தில் அவர்கள் குடியிருக்கும் நூம்பலில் இத்தனை அடுக்கு மாடிகள் வந்த பிறகும் பாம்பைக் கண்டவர்கள் செய்வது ஒன்றுதான். கட்டை எடுப்பார்கள். பதிவுக் காகிதத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அதுவரை அவன் பயந்ததெல்லாம் தன் காலுக்காக. இப்போது, நசுங்கிய சின்னத் தலை ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதைப் பார்க்க முடியாமல் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நிவேதிதா இதை ஏன் வளர்க்கிறாள் என்று அவனுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. அவள் ஒரு வங்கியின் புகார்த் தொலைபேசிப் பிரிவில் மேற்பார்வையாளர். பகல் முழுவதும் முகம் தெரியாதவர்களின் வசவைக் கேட்பது வேலை. முதன்முதலில் மாங்காட்டில் கௌதம் என்ற நண்பனின் வீட்டில் இந்த இனப் பாம்பு ஒன்றைக் கையில் வாங்கியபோது அவளும் நடுங்கியிருக்கிறாள். அது உடனே தலையை நடுவில் வைத்து, உடம்பைச் சுற்றிப் பந்தாகிவிட்டது. இந்த இனம் பயந்தால் பெரும்பாலும் கடிக்காது, சீறாது, பந்தாகிவிடும். “உன் கை நடுங்கறது நிக்கற வரைக்கும் அது தலையை நீட்டாது” என்றானாம் கௌதம். அவள் மூச்சை மெதுவாக்கிக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பந்து தளர்ந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது. நாக்கு அவள் மணிக்கட்டைத் தொட்டது.

“பயப்படாத பிராணியைப் பிடிக்கறது ஈஸி, அமல்,” என்று சொல்லியிருந்தாள். “என்னைப் பாத்துப் பயந்த ஒண்ணு, என் கையிலயே பயத்தை விட்டுச்சு பாரு. அதைப் பாத்துட்டா அப்புறம் விட முடியாது.”

அவன் அன்று சிரித்துவிட்டு டீ போடப் போய்விட்டான்.

போன் மறுபடி அடித்தது. “கெடச்சுதா?”

“இல்ல நிவி.”

“சரி, யோசிச்சுச் சொல்லு. கடைசியா எப்போ பாத்தே?”

அவன் பெட்டிக்குள் இருந்த சட்டியைப் பார்த்தான்.

“அமல், தினமும் ‘நல்லா இருக்கு’ன்னு மெசேஜ் போட்டியே. போட்டோ அனுப்பினியே.”

“சட்டியோட போட்டோதான் அனுப்பினேன். உள்ளதான் இருக்கும்னு…”

“நீ அதைப் பாக்கவே இல்லையா?”

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. “தண்ணியை மட்டும் மாத்து, மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்னுதானே சொன்னேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மத்ததை. அமல்ராஜ் அந்தச் சொல்லில் நின்றான்.

கம்பெனியில், அடைத்த கூண்டுக்குள் ஓடும் இயந்திரத்திலிருந்து ஓர் உருப்படி குறைந்தால், கூண்டில் ஓட்டை தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். கூண்டிலிருந்து வெளியே போன தட்டுகள் எவை, அவை இப்போது எங்கே என்று கேட்பார்கள். உருப்படி தானாக நடந்து போவதில்லை. ஏதாவது ஒன்றோடு சேர்ந்துதான் போகும். பாம்பு தானாக நகரும் என்பதால் அவன் இந்தக் கேள்வியைக் கேட்கவே மறந்திருந்தான்.

பெட்டியிலிருந்து இன்று வெளியே போனவை என்ன? கிண்ணம் போனது, கழுவித் திரும்ப வைத்தாயிற்று. வேறு?

காலையில் கிண்ணம் கவிழ்ந்து பேப்பர் நனைந்து கிடந்தது. நாற்றமும் இருந்தது. நிவேதிதா வரும்வரை அப்படியே விட மனம் வராமல், அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பாம்பு சட்டிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, சட்டியை இடுக்கியால் மெதுவாக ஓர் ஓரத்துக்குத் தள்ளுவது. பேப்பரை மறுமுனையிலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, சட்டிக்கடியில் இருப்பதை உருவி எடுப்பது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, புதுப் பேப்பரை விரித்து, சட்டியை அதன் மேல் தள்ளி வைப்பது. தொடாமலே முடித்துவிட்டோம் என்று பெருமைகூடப் பட்டான். கீழே குப்பை அறைக்குக் கொண்டு போகும்போது சுருள் கனமாகத்தான் இருந்தது. தண்ணீர் கனம் என்று நினைத்தான்.

பாம்புக்குப் பிடித்த இடம் இருட்டும் இறுக்கமும். மடித்த இரண்டு பேப்பருக்கு நடுவில் அது இரண்டுமே கிடைக்கும்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் இறங்கும்போதே கீழே பம்பு மோட்டார் போன்ற உறுமல் கேட்டது. முதுகில் தொட்டி கட்டிய இரண்டு பேர் குப்பை அறைக் கதவைத் திறந்து வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புகை வாசல்வரை வந்திருந்தது. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு மங்களம் நின்றிருந்தாள். காலையில் குடியிருப்பின் குப்பையைப் பிரித்து லாரியில் ஏற்றுவது அவள்தான்.

“மங்களம், என் வீட்டுக் கவர் எங்கே? பச்சைக் கவர், பேப்பர் போட்டது!”

“ஓ, அது உன் ஊட்டு குப்பையா சார்? ஈர பேப்பர இஸ்துகினு வந்து உலர் குப்பைல போட்டா லாரிக்காரன் எட்த்துக்குவானா? நான்தான் பேச்சு கேக்கணும். எந்த ஊட்டுதுன்னு தெரிஞ்சா நாலு வார்த்த கேக்கலாம்னு தனியா வெச்சிகினு கீறேன்.”

“எங்க? எங்க வெச்சே?”

“இன்னாத்துக்கு இப்டி பறக்கற? மோட்டார் ரூம் பின்னாடி. நகை கிகை சுருட்டிப் போட்டுட்டியா?”

“பாம்பு.”

“இன்னா?”

“உள்ள பாம்பு இருக்கு. எங்க வீட்டுப் பாம்பு.”

மங்களம் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் மோதினாள். “ஐயோ நாகாத்தம்மா! நான் அத்த கையில தூக்கினு வந்தேனே! ஏன் நைனா, நாய் வளக்கலாம், பூன வளக்கலாம், உனுக்கு இன்னா கொற?”

மருந்து அடிப்பவர்கள் குப்பை அறையை முடித்துவிட்டு மோட்டார் அறைப் பக்கம் திரும்பினார்கள். அமல்ராஜ் அவர்களுக்கு முன்னால் ஓடினான். பச்சைக் கவர் சுவரோரம் நிழலில் கிடந்தது. அசைவில்லை.

“அண்ணாத்தே, கொஞ்சம் நில்லு! அங்க அடிக்காத, சார் உள்ள கீறாரு!” என்று மங்களம் பின்னால் கத்துவது கேட்டது.

முடிச்சை அவிழ்த்தான். இடுக்கி மேலே வீட்டில் இருந்தது. கவரைக் கவிழ்த்துக் கொட்டலாம். ஆனால் சிமெண்டுத் தரையில் விழும். உள்ளே கையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. கண்ணை மூடப் போனவன், மூடாமல் கையை விட்டான். ஈரக் காகிதம். இன்னொரு மடிப்பு. அதற்குள் குளிர்ந்த, உலர்ந்த, வழவழப்பான ஒன்று. சேறு மாதிரி பிசுபிசுக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அப்படி இல்லை, தோல் பர்ஸைத் தொட்டது போல இருந்தது.

அடியில் கை கொடுத்து எடுத்தான். அது உடனே தலையை உள்ளே இழுத்துப் பந்தாகி இறுகியது. உள்ளங்கைக்குள் அதன் உடம்பு முழுவதும் ஒரு இறுக்கம். உயிர் இருந்தது.

“கெட்ச்சுதா?” மங்களம் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. “தலயே காணோம்?”

“பயந்திருக்கு.”

“அது பயந்துகினு கீதா? உன் மூஞ்சிய நீ பாக்கணும்.”

அமல்ராஜ் வீட்டுக்கு ஏறிப் போய், தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து மூச்சை மெதுவாக்கினான். முதலில் வரவில்லை, இருமல் வந்தது. மறுபடி முயன்றான். பந்து தளர வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒரு மூக்கு வெளியே வந்தது. உதட்டோரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருந்தன. சூட்டை உணரும் குழிகள். அவன் கையின் சூடு இருட்டிலும் அதற்குத் தெரியும். நாக்கு கட்டைவிரலைத் தொட்டு உள்ளே போனது. அமல்ராஜின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. கையை மட்டும் அவன் அசைக்கவில்லை.

மறு கையால் நிவேதிதாவைக் கூப்பிட்டான்.

“கெடச்சுடுச்சு. கையில இருக்கு.”

“கையிலயா? உன் கையிலயா?” அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “எப்படிடா வெளிய போச்சு?”

“பெட்டியில ஓட்டை எதுவும் இல்ல, நிவி. அதுவா வெளிய போகல. ரெண்டு பேப்பருக்கு நடுவுல படுத்திருந்துச்சு, நான் பாக்காம பேப்பரோட சுருட்டிக் குப்பையில போட்டுட்டேன். அப்புறம் காலிப் பெட்டிக்குத்தான் கிளிப் போட்டிருக்கேன். இனிமே பேப்பர் மாத்தறதுக்கு முன்னாடி, முதல்ல பாம்பைக் கையால எடுத்துத் துணிப்பையில விட்டு, பை வாயைக் கட்டணும். அதுக்கப்புறம்தான் பேப்பர்ல கை வைக்கணும்.”