மெதுவாகிப்போன மகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளிடம் காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் வரத் தொடங்கிய வருஷம்தான் அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய்களுக்கு மீட்டர் பொருத்தினார்கள். தெருவில் மீட்டரைப் பற்றித்தான் பேச்சு. மகளைப் பற்றி, படித்த பெண், யோசித்துத்தான் பேசுவாள் என்று இருந்துவிட்டார்கள். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஏதோ ஒரு கம்பெனியின் பழைய ரசீதுகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டி ஏற்றும் வேலை. கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் முன்னறை மேசைக்கடியில் வயசான நாயைப் போல முனகிக்கொண்டு கிடக்கும். ஒரு பக்கம் திறப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். அந்த நேரமெல்லாம் அவள் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் நகம் கடித்தாள், பிறகு மெல்லப் பாடினாள், பிறகு ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்து காத்திருந்து அதன் வேகத்துக்கே அவளும் வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். "முட்டையில உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "கொஞ்சம் கம்மிம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். ஒரு மத்தியானம் கரண்ட் போனது. வாய்க்குப் பாதி தூரம் போன கரண்டியோடு மகள் அப்படியே நின்றுவிட்டாள். கண்கூட இமைக்கவில்லை. கரண்ட் வந்து கம்ப்யூட்டர் உயிர்பிடித்த பிறகு கரண்டி மிச்ச தூரத்தைக் கடந்தது. எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது அன்றைக்கு அப்பா அம்மா இருவருக்கும் விளங்கிவிட்டது. மறுநாளே மெக்கானிக், கரண்ட் போனால் லிஃப்டைத் தாங்கும் பெரிய பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கப்புறம் ரிப்பேர் நேரம் தவிர அந்த வீட்டில் கம்ப்யூட்டரை யாரும் அணைத்ததில்லை. மச்சினன் வீட்டிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து முன்னால் வைத்தும் பார்த்தார்கள். சுவரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் தன் தொழிலில், இரண்டு மாடிக்கு நடுவே சிக்கியவர் ஒருவரையும் இருட்டும்வரை விட்டுவைத்தவர் இல்லை. பெற்ற பெண் அப்படி நடுவழியில் நிற்பதைத் தாங்க முடியாமல் கடைவீதி ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தார். ரிப்பேர்காரர் கனத்த சரீரம், இயந்திரங்களோடு "என்ன கண்ணு, என்ன பண்ணுது?" என்று பேசுகிறவர். பக்கத் தகட்டைக் கழற்றினார். காற்றாடி மேல் கம்பளி விரித்தாற்போலத் தூசி. ஊதியதும் சமையலறையில் மகள் தும்மினாள். சும்மா சும்மா விழித்துக்கொள்ளும் புரோகிராம்களை நீக்கினார்; பதில்கள் மத்தியானத்துக்கே வரத் தொடங்கின. மெமரி கூடுதலாகப் போட்டார். அந்த மழைக்காலம் முழுக்க, டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. "இன்னிக்கு ஒரு வக்கீல் உள்ள மாட்டிக்கிட்டாரு. லிஃப்டுக்கே நோட்டீஸ் அனுப்புவேன்னு கத்துறாரு" என்று மெக்கானிக் சொன்னபோது மகள் அந்தக் கணமே சிரித்தாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

மழைக்காலம் முடிந்ததும் சிரிப்பும் தள்ளிப்போனது. புதிதாக வந்த புரோகிராம்கள் வருஷத்துக்கு வருஷம் கொழுத்தன, பழைய கம்ப்யூட்டரால் அவற்றைச் சுமக்க முடியவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் அப்படியே நகலெடுத்து ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார்கள். கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு பதில் வர ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று ஆயிற்று. கம்பெனிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். வெயிலில் கேட்டதற்கு மழையில் பதில் வந்தது. ஒருநாள் ரிப்பேர்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தபடியே, "இனிமே ஒரு வழிதான் இருக்கு. உள்ள இருக்கற எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடணும். பறக்கும்" என்றார்.

"அழிச்சா? அதோட இவளும் போயிட்டா?" என்றாள் அம்மா.

"போகமாட்டான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

"இப்படியே விட்டா மட்டும் என்ன?" என்றார் மெக்கானிக். "நமக்கப்புறம் இவ பதில் சொல்ற வரைக்கும் யாரு நிப்பா?"

"மெதுவாவாவது இருக்கால்ல" என்று சொல்லிவிட்டு அம்மா மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ரிப்பேர்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், அவள் உயிர், அவளையே கேட்டுவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மகளின் எதிரே உட்கார்ந்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டா நீ சரியாயிடலாம். ஆகாமலும் போகலாம். போடலாமாம்மா?" மகள் அவரைப் பார்த்தாள். அல்லது அவர் அங்கே உட்கார்வதற்கு ரொம்ப முன்னால் அந்த நாற்காலியில் இருந்த எதையோ பார்த்தாள்.

பதிலுக்குக் காத்திருந்த காலத்தில்தான் அம்மா, சலவைக்கூடத்தில் சூடு ஆறாத போர்வைகளின்மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். எழவில்லை. வீட்டிலிருந்து அவளைத் தூக்கியபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் வாய்திறந்து, "வேண்டாம்" என்றாள். கூடியிருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு குமுறினார்கள். தலைமாட்டில் தோள் கொடுத்திருந்த மெக்கானிக்குக்கு மட்டும் அது எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரிந்தது. மகள் பின்தங்கி நிற்கும் காலத்தில் அம்மா இன்னும் சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மகள்மேல் பொறாமையாக இருந்தது.

அவர் அழுதார், ஓய்ந்தார். மனைவியின் துணிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கம்ப்யூட்டரைத் துடைத்து, காற்றாடியை ஊதி, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி வந்தார். எதனாலும் வேகம் கூடவில்லை. இன்னும் குறையாமல் பார்த்துக்கொள்வதே பெரிய பாடாக இருந்தது. சில சமயம் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கை பரபரக்கும். அவள் வேண்டாமென்று சொன்னது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொள்வார்.

மூன்று வருஷம் போயிற்று. ரிப்பேர்காரர் ஒரு மத்தியானம் வந்து, இந்தக் கம்ப்யூட்டருக்கு இனி எங்கும் பாகம் கிடைக்காது, கடையையும் மூடப் போகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. மகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதாள்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் ரிப்பேர்காரர்.

"அவங்க அம்மா தவறிட்டாங்க" என்றார் மெக்கானிக்.

முதல் தடவையும் வந்து தோள் கொடுத்த ரிப்பேர்காரர், "அடடா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளோடு வந்தார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் வேலை முடிந்து நேராக வந்தார்கள். மூன்று வருஷம் ஆயிற்றே என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு நடுவே மெக்கானிக் கண்ணில் ஈரமில்லாமல் உட்கார்ந்து, தனக்காக அவள் அழப்போகும் நாளில் இவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சேதி கேட்டு வந்த ரிப்பேர்காரரின் மனைவி சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எல்லோரிடமும் டீ வேண்டுமா என்று கேட்டாள். மகளிடமும் கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் அவளுக்கும் ஒரு கோப்பையை எடுத்து வைத்தாள்.