வெண்டல் அடித்த கறுப்புப் பெயின்ட்

கார்ப் பந்தயத் திடலில் எல்லோரும் பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கையில் பிடித்துக்கொண்டு திரிய, வெண்டல் மட்டும் காலையிலிருந்தே அக்கா நொரீனின் வண்டிக்குப் பின்னால் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தான். குனிந்து என்னத்தைப் பார்க்க? பார்க்கக்கூடாததைத்தான் அவனே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்து வைத்திருந்தானே.

நொரீனின் வண்டி எழுபதாம் வருஷத்து மாடல். புதிதாகப் பூட்டிய எஞ்சின் பேய் மாதிரி இழுக்கும். அந்த முறுக்கைப் பழைய இரும்பு தாங்காது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு துள்ளும். "பின்பக்கத்தக் கொஞ்சம் பலப்படுத்திக் குடுடா" என்று அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டிருந்தாள். அந்த அச்சை நான்கு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன, கீழே இரண்டு, மேலே இரண்டு. வெறும் மடித்த தகடு, ஒருபக்கம் திறந்தே கிடக்கும். கீழ்க் கைகளின் திறந்த பக்கத்தைப் பட்டை வைத்து வெல்டிங் அடித்து மூடினான். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வெண்டலுக்கு வேலை தெரியாது என்று இண்டியானாவில் எவனும் சொன்னதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேல் கைகளின் நுனியில் இருக்கிற புஷ் என்கிற ரப்பர் வளையம் கொஞ்சம் நெளிந்து கொடுக்க வேண்டும். அதையும் கெட்டியாக்கினால் முறுக்கு மொத்தமும் வண்டியைத் தாங்கும் சேஸிஸ் சட்டத்தில் போய் விழுந்து அதைப் பிளக்கும். அந்த ஊரில் ஸ்பானர் பிடித்த எவனுக்கும் இது தெரியும். ஆனால் இரண்டிரண்டு வண்டியாக ஓடுகிற பந்தயத்தில் நொரீனுக்கு எதிராக ஓட்டப்போகிறவன் லெஸ்டர், அவளை விட்டுவிட்டுப் போன புருஷன்; அவனும் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். அவனை ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட இவனுக்குத்தான் வெறி. ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் புஷ்ஷை அடித்து இறக்கினான். அப்போதுதான் கண்ணில் பட்டது. மேல் கை வந்து மாட்டுகிற இடத்தில், சேஸிஸில், மயிரிழை போல ஒரு விரிசல்.

சரியாகச் செய்வதென்றால் வண்டியின் பாடியைக் கழற்றி மொத்தமாகத் தூக்கியாக வேண்டும். பந்தயம் போய்விடும். கடையில் வந்து ஓசிக் காபி குடிக்கிற கூட்டத்திடம் வேறு "சனிக்கிழம லெஸ்டர் புழுதி திங்கப்போறான்" என்று உளறித் தொலைத்திருந்தான். விரிசல்மேல் பொட்டு மாதிரி ஒரு வெல்டிங் வைத்தான். அதன்மேல் பெயின்ட் அடித்தான். அக்காவுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அக்கா எங்கே கேட்டாள்? அது அவனுடைய வீம்பு.

வண்டியை எடுக்க வந்தபோது நொரீன் அடியில் படுத்துப் பார்த்தாள்.

"இதென்னடா, புதுப் பெயின்ட்?"

"துரு ஏறாம இருக்க அடிச்சேன்க்கா."

"ம், சரி."

அவ்வளவுதான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டாவது கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அந்த ஒற்றைச் 'சரி'தான் அவனை அன்றிலிருந்து தூங்கவிடாமல் அடித்தது.

திடலில் லெஸ்டர் இளித்துக்கொண்டே வந்து தோளைத் தட்டினான். "என்ன மச்சான், மொகம் வெளுத்துக் கெடக்கு? தோக்கப்போறது உங்கக்கா. நீ ஏன் அழுவுற?"

"யாருடா உனக்கு மச்சான்?"

"உங்கக்காவத்தான விவாகரத்துப் பண்ணேன், உன்ன இல்லையே."

நொரீன் ஹெல்மெட்டை மாட்டினாள். "போதும் ரெண்டு பேரும். வெண்டல், வாடா, வழி காட்டு."

ஓட்டத்துக்கு முன்னால் பின் டயரை நனைத்து, புகையச் சுழலவிட்டுச் சூடாக்குவார்கள். பிறகு அதே தடத்தில் பின்வாங்க வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. கூட வந்த ஆள் முன்னால் நின்று கையசைத்து வழி சொல்லுவான். எல்லாம் சரி என்றால் கட்டைவிரலைத் தூக்குவான். அதைப் பார்க்காமல் யாரும் புறப்படும் கோட்டுக்கு வரமாட்டார்கள்.

நொரீன் புகையைக் கிளப்பினாள், நின்றாள், மெதுவாகப் பின்வாங்கினாள். பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. இந்தக் கையை நம்பித்தான் அவள் உயிரைக் கொண்டுபோய் அந்த ரோட்டில் வைக்கப்போகிறாள் என்று நினைத்ததும் வெண்டலுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. விரல் எழவில்லை. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினான். எஞ்சினை நிறுத்து.

"என்னடா? ஆயில் ஒழுகுதா?" என்று கத்தினாள்.

"ஆயில் இல்லக்கா. நிறுத்து. தயவுசெஞ்சு நிறுத்து."

விளக்கு பச்சையானது. லெஸ்டர் தனியாக ஓட்டி ஜெயித்தான். கூட்டம் ஊளையிட்டது.

வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். நொரீன் டார்ச்சோடு அடியில் படுத்தாள். பெயின்ட் பிளந்திருந்தது; விரிசல் இப்போது விரல் நீளம். அவள் வெளியே வர நெடுநேரம் ஆனது.

"இது எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"புஷ் மாத்தும்போதே."

"நான் கேட்டேனே?"

"கேட்ட."

"அப்புறம்?"

"ஜெயிக்கணும்னு நெனச்சேன்க்கா."

"யாரு? நானா, நீயா?"

திட்டினால், ஒரு அறை விட்டால்கூடத் தேவலை என்று வெண்டலுக்கு இருந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கே பாடியத் தூக்கிடறேன். எல்லாத்தையும் நானே சரி பண்ணித் தர்றேன்" என்று கெஞ்சினான். அவள் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டாள்.

லெஸ்டர் வெற்றிக் களிப்போடு திரும்பி வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நொரீன் சொன்னாள்: "லெஸ்டர், உன் ட்ரெய்லர்ல இந்த வண்டிய ஏத்திக்கிறியா? உன் கடையில வச்சு சரி பண்ணணும்."

லெஸ்டரின் இளிப்பு நின்றுபோனது. "ஏன், மச்சான் கடை என்னாச்சு?"

"நீ என்கிட்ட எதெதுக்கோ பொய் சொல்லியிருக்க. வண்டி விஷயத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்ல." சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

வெண்டல் ஓடிப்போய் வண்டியின் பின்னால் தோளைக் கொடுத்தான்.

"நீ விடு, வெண்டல்," என்றாள் நொரீன். "நாங்க தள்ளிக்கிறோம்."