உப்புப் போடாத கூட்டு

“எங்க ஊட்டுக்குப் பின்னால அந்தச் செடி இருக்கிற எடத்தைத் தோண்டிக் காட்டுங்க சார். இப்பவே, என் கண்ணு முன்னாடி.”

ராமமூர்த்தியிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது விஜயகுமாரி தன் மகளுக்குப் போட்டிருந்த ஒரே சட்டம். ஆம்பூரில் அவருடைய தோல் குடோனில்தான் விஜயகுமாரிக்கு வேலை. வந்து இறங்கும் பச்சைத்தோலை உதறி, கெடாமல் இருக்கப் போட்ட உப்பைத் தட்டி எடுக்க வேண்டும். குடோனை ஒட்டிய வீடும் அவருடையதுதான்; பதினோரு வருஷமாக வாடகை வாங்கியதில்லை. உடைந்த ஓட்டை மாற்றித் தரச் சொல்லக்கூட அம்மா வாய் திறந்ததில்லை. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய ஹேமலதா, ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி வீட்டு கேட்டுக்குள் போய் நின்றுகொண்டு தோண்டச் சொல்கிறாள்.

எல்லாம் ஒரு செடியால் வந்தது. வீட்டுக்குப் பின்னால் அம்மா வைத்த மல்லி கருகியது. செம்பருத்தி போயிற்று. முருங்கை மொட்டையானது. யார் கண் பட்டதோ என்று அம்மா ஊரையெல்லாம் திட்டினாள். நாலு மாசத்துக்கு முன் யாரும் வைக்காமலே ஒன்று தரையோடு படர்ந்தது. தடித்த இலை, சிவந்த தண்டு, ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டிப் பூ. போனில் படம் எடுத்துப் போட்டால் பத்து மணிப் பூ என்றது. ஒன்றாவது பிழைத்ததே என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம். ஹேமலதாவும் அதோடு விட்டுவிட்டாள். பாட்டனி படித்துவிட்டு ஷூ கம்பெனியில் தையல் பிசகு பார்க்கிறவளுக்குச் செடி பார்க்க எங்கே நேரம்?

பக்கத்து வீட்டு மஹ்பூபிதான், பருப்புக்கீரை என்று நினைத்து ஒரு பிடி கிள்ளிப்போய்க் கூட்டு வைத்தாள். நேற்று சாயங்காலம் வாசலில் வந்து நின்று ஒரே சத்தம்.

“இன்னா கீரை வளர்த்து வெச்சிருக்கே குமாரி? அல்லா மேல சத்தியமா ஒரு கல்லு உப்பு போடல. வாயில வெச்சதும் எங்க ஊட்டுக்காரர் கிண்ணத்தைத் தள்ளிட்டார். என் மேல இன்னா கோவம், டப்பாவோட கொட்டிட்டியான்றார். முப்பது வருஷமா ஒரு வார்த்தை திட்டாத மனுஷன்!”

“திட்டாதவரா? போன வாரம் எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சே,” என்றாள் அம்மா.

ஹேமலதா சிரிக்கவில்லை. போய் ஒரு இலையைக் கடித்தாள். கரித்தது. குனிந்து பார்த்தாள். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருந்தன. பத்து மணிப் பூச்செடியில் அப்படி இருக்காது. பூவின் வெளிப்பக்கம் பச்சை. இரண்டாம் வருஷம் காலேஜில் மரக்காணம் கூட்டிப்போனபோது உப்பளத்து வரப்பில் பார்த்த அதே செடி. வங்கரவாசி. கடலோர உவர்மண்ணில் வளர்வது.

குடோனுக்கு வரும் உப்பு மூட்டையோடு ஒரு தண்டு வந்து விழுந்திருக்கலாம். வந்தது இப்படிச் செழிக்க வேண்டுமானால் அந்த மண்ணில் எவ்வளவு உப்பு இருக்க வேண்டும்? செடிக்கு ஆறடி தள்ளி போர். மஹ்பூபி வீட்டையும் சேர்த்து இரண்டு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அந்தத் தண்ணீர்தான். அம்மாவுக்கு பிரஷர், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. டாக்டர் சொல்லி எட்டு மாசமாக உப்பில்லாச் சோறு. பிரஷர் இறங்கியபாடில்லை. நம்ம ஊர்த் தண்ணி அப்படித்தான் என்று எல்லோரையும்போல அம்மாவும் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் தோண்டச் சொன்னபோது ராமமூர்த்தி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, பூ பூத்தா சந்தோஷப்படுவாங்க. நீ தோண்டச் சொல்றே.”

“அது உப்புல வளர்ற செடி சார். உதறின உப்பை லாரில அனுப்புறோம்னு குடோன்ல போர்டு மாட்டியிருக்கீங்க. எந்த லாரி? ஒருநாளும் நான் பார்த்ததில்லையே.”

மூச்சிரைக்க ஓடிவந்த விஜயகுமாரி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாய மூடுடி! படிச்ச திமிரு சார், மனசுல வெச்சிக்காதீங்க.”

ராமமூர்த்தி கோபப்படவில்லை. துணியைப் பிழிந்து பானெட் மேல் போட்டார்.

“தோண்டினா உப்பு இருக்கும். நான் இன்னா இல்லேன்னா சொன்னேன்? கூடை தூக்கினது யாருன்னு உங்கம்மாவைக் கேளு.”

ஹேமலதா திரும்பினாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

“குழி வெட்டிக் கொட்டச் சொன்னார்டி. ஊட்டுக்கு வாடகை வாணாம்னார். அப்ப நீ ஆறாவது படிச்சிக்கினு இருந்தே.”

“இப்பவும் கொட்றியா?”

“மழைக்காலத்துல கம்மி.”

“தெரிஞ்சேவா அந்தத் தண்ணியக் குடிச்சே?”

“மண்ணு இழுத்துக்கும்னு நெனச்சேன்டி.”

ராமமூர்த்தி குறுக்கே புகுந்தார். “பெட்டிஷன் கிட்டிஷன்னு போனா மொதல்ல உங்கம்மா பேர்தான் வரும். பேஜாரு உங்களுக்குத்தான். டெய்லி ஒரு கேன் தண்ணி போடச் சொல்றேன், போ.”

“சரின்னு சொல்லுடி. கேன் போடறேன்றார் இல்ல?” அம்மாவின் குரல் கெஞ்சியது.

“உனக்கு கேன். மஹ்பூபி அக்கா ஊட்டுக்கு?”

ஹேமலதா ராமமூர்த்தி பக்கம் திரும்பினாள்.

“மொத பேரு எங்கம்மா பேர்தான் சார், நானே எழுதறேன். யார் சொல்லிக் கொட்டினாங்கன்னு கேப்பாங்க இல்ல? ரெண்டாவது உங்க பேரு.”

“ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுவார்டி! வேலையும் பூடும்!”

“பூடட்டும். நீ அந்தத் தண்ணியக் குடிக்காத.”

மறுநாள் திங்கட்கிழமை, திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். கம்பெனிக்கு லீவு சொல்ல வேண்டும். மனு எழுத முழு வெள்ளைத்தாள் நாலு வாங்க வேண்டும். அம்மா அழுதுகொண்டே முதலாளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஹேமலதா கேட்டைத் திறந்தாள். சாத்தாமலே தெருவில் இறங்கி, கடை இருக்கும் பக்கமாக நடந்தாள்.