விளையாடப் போன பிள்ளை

மார்ச் மாதம் குற்றாலத்தில் அருவி விழாது. பாறையில் குரங்குதான் உட்கார்ந்திருக்கும். சிப்ஸ் கடைகள் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தது அந்த மாதம் பார்த்துத்தான். பூட்டிய கடைக்குள் எந்தப் பிள்ளை வேலை பார்க்கும்? தென்காசி நிருபர் ஜெயபிரியா இதையெல்லாம் விடாமல் எழுதி அனுப்பினாள். செய்தி ஆசிரியர் சந்தோஷ்குமார் அதை வெட்டி எறிந்துவிட்டு, 'குற்றாலத்தில் குழந்தைத் தொழிலாளர் நூறு சதவீதம் ஒழிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டார்.

ஜூனில் சாரல் வந்தது, கடைகள் திறந்தன. குத்துக்கல்வலசை முப்பிடாதியம்மாளின் மகள் முத்துசெல்வி, எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டியவள், சிப்ஸ் கடையில் வேலைக்கு நின்றாள். எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது கை வெந்துபோனது.

கடைக்காரன்மேல் நடவடிக்கை கேட்டு அலைந்த முப்பிடாதியம்மாள், ஆஸ்பத்திரி வாசலில் ஜெயபிரியாவை மறித்தாள்.

"குத்தாலத்துல வேல பாக்குத பிள்ளையே கெடையாதாம். ஒங்க பேப்பரத்தான் ஆபீசர் தூக்கிக் காட்டுதாரு. அப்ப எம்பிள்ள யாரும்மா?"

ஜெயபிரியா அங்கேயே நின்று சந்தோஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

"சார், மார்ச்சுல எடுத்த கணக்குன்னு எழுதியிருந்தேம்லா? அத ஏன் வெட்டுனீங்க?"

"எடமில்லம்மா. நூறு சதவீதம்னா நச்சுன்னு இருக்குல்லா?"

"இங்கன ஒரு பிள்ள கை வெந்து கெடக்கு சார்."

"ஒரு பிள்ளைக்காவ நாம போட்ட புள்ளிவிவரத்தயே தப்புன்னு சொல்லவா? சரி, அனுப்பு. பாத்துப் போடுதேன்."

பார்த்துத்தான் போட்டார். மறுநாள் காலைத் தலைப்பு: 'சிப்ஸ் கடையில் விளையாடிய சிறுமிமீது எண்ணெய் கொட்டியது.' கீழே பெற்றோருக்கு அறிவுரை வேறு, பிள்ளைகளைத் தனியே விடக் கூடாதாம்! தங்கள் நூறு சதவீதம் குறையக் கூடாது என்பதற்காக, வேலைக்குப் போன பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டார்கள் பாவிகள்.

ஜெயபிரியா ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கடைக்காரன் அந்தப் பேப்பரோடு வந்து போயிருந்தான். முப்பிடாதியம்மாள் அழவில்லை.

"வெளையாடுன பிள்ளைக்கு அவன் பொறுப்பில்லையாம். எம்பிள்ள விடியமுன்ன எந்திச்சு வெளையாடவாம்மா போனா?"

ஜெயபிரியா அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டாள். வெட்டி எறியப்பட்ட வரிகளையும் சேர்த்துப் புகாராக எழுதினாள். முப்பிடாதியம்மாளின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

ஏட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, "பேருக்குக் கீழ பத்திரிகை பேரையும் போட்டிரலாம்லாம்மா, ஒரு கனம் இருக்கும்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இது உண்மையான புகாரு. அது பேர இதுல போட்டா எவனும் நம்பமாட்டான்."