பூட்டுக்குக் கொசுறு

பவுன்ராஜ் அண்ணாச்சி வீட்டு வைஃபை தெருவுக்குள் கசியத் தொடங்கியதிலிருந்து, ரோட்டர்டாமில் வேலை பார்க்கும் அவர் மகள் சுகிர்தா சில்லறையாகத்தான் வீடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கைபேசித் திரையில் வருவது வழக்கம். ஒரு வாரம் இடது காது வரவில்லை. அடுத்த வாரம் சிரிப்பு வரவில்லை. வாய் திறந்தது, பல் தெரிந்தது. சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம், மிளகாய் வத்தல் வியாபாரி பிச்சைக்கனி வீட்டில் கேட்டது.

"பிள்ளைக்குக் காது எங்கங்க?" என்றாள் மனைவி கனகமணி.

"வரும். வழியில இருக்கும்."

அவர் பருப்பு மண்டி நடத்துகிறவர். சரக்கு வழியில் நிற்பது அவருக்குப் புதிதில்லை.

அதற்கடுத்த வாரம் சுகிர்தா, "அப்பா, முக்கியமான ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். உதடு அசைந்தது. விஷயம் வரவில்லை. நெற்றியும் ஒரு தோளும் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின.

மறுநாள் காலை தெருவே அவரை நிறுத்தியது. இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல விஷயம்தான் அண்ணாச்சி. கோவப்படாதீங்க" என்றார். டீக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எல்லா வீட்லயும் நடக்குறதுதான்" என்றார்.

"என்னய்யா விஷயம்?"

"அத நாங்க எப்படிச் சொல்ல? உங்க வீட்டு விஷயம்."

ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. பெத்தவருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கு எரிந்துகொண்டு வந்தது.

இவ்வளவுக்கும் காரணம் போணி. காலையில் கடை திறந்ததும் முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். வைஃபை பெட்டிக்கு அவர் வைத்திருந்த கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்து. அண்ணாச்சி மண்டி ஷட்டரைத் தூக்கியதுமே அதைக் கேட்டுப் பிச்சைக்கனி வந்து நின்றான். அண்ணாச்சி பன்னிரண்டு என்றார். அவன் ரெண்டு என்றான். அண்ணாச்சி எழுந்து ஊதுபத்தி கொளுத்தினார். அவன் படி இறங்குவதுபோல் இறங்கித் திரும்பி வந்தான். கடைசியில் ஆறுக்கு முடிந்தது. ரெண்டு பேருக்கும் திருப்தி. அன்றிலிருந்து பெட்டியும் ஆறு எழுத்துக்கே திறந்தது.

மறுநாள் போணிக்கு இஸ்திரிக்காரர் வந்தார். அதற்கு மறுநாள் டீக்கடைக்காரர். பேரம் படியப் படியக் கடவுச்சொல் தேய்ந்தது. கடைசியில் ஒரே ஓர் எழுத்து மிஞ்சியது. அதன் மேலிருந்த புள்ளியையும் யாரோ கொசுறாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சி நேரே பிச்சைக்கனி வீட்டுக்குப் போனார். உள்ளே அவர் மகளின் சிரிப்பு அறை அறையாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"எம் மக சிரிப்பு உன் வீட்ல கேக்குது."

"ஆமா அண்ணாச்சி. எம் பொண்டாட்டி பாத்திரம் வெளக்கும்போது போட்டு விட்டுக்கிருவா. வேலை ஓடுதாம்."

"திருப்பிக் குடு."

"வந்து இறங்குன சரக்க எவனாவது திருப்பி ஏத்துவானா? நீங்களே சொல்லுங்க. தொழில் தெரிஞ்ச ஆளு."

"காது?"

"காது மாடியில இருக்கு. வத்தலோட காயுது. அதால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"அந்த விஷயம் என்னடா?"

பிச்சைக்கனி குரலைத் தாழ்த்தினான். "பெரிய விஷயம் அண்ணாச்சி. நாங்களே ராத்திரியெல்லாம் பேசிக்கிட்டிருந்தோம். நீங்க ஒத்துக்கிறதுதான் நல்லதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

வீட்டில் கனகமணி முந்தானையை உதறிச் செருகினாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை பிள்ளை மறுபடி சொல்லும். அப்பவும் வரலேன்னா, அப்பனுக்கு இஷ்டமில்லன்னு விட்டுரும். போய் ஒரு நல்ல பூட்டு வாங்கிட்டு வாங்க. போணி கீணின்னு எதையாவது அள்ளிக் குடுத்துட்டு வந்தீங்க, நான் ரோட்டர்டாமுக்குப் போயிருவேன்."

இணைய கம்பெனி ஆபீஸ் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வளையல் கடை அகலம்தான். உள்ளே நடைகூடம் அவர் நடக்க நடக்கக் கூடவே நடந்தது. அவர் நின்றார். அதுவும் நின்று மூச்சு வாங்கியது. அவர் ஓடுவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். அது ஏமாந்து முன்னால் ஓட, கவுண்டர் அவர் காலடிக்கு வந்து சேர்ந்தது.

வரிசையில் அவருக்கு முன்னால் ஒரே ஆள். அதுவும் அவர்தான். அதே வேட்டி, கக்கத்தில் அதே பை.

"இடிக்காம நில்லுங்க" என்றார் முன்னால் நின்ற அவர்.

"எனக்கு அவசரம்யா."

"எனக்கு மட்டும் என்ன, விருந்தா?"

முன்னால் நின்றவர் கவுண்டரில் ஏதோ வாதாடிவிட்டு, "இது சரிப்படாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். அண்ணாச்சி அவரைக் கவனிக்கவில்லை. அடுத்தவர் பேரத்தில் காது வைப்பது மரியாதை இல்லை.

கவுண்டரில் ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீடு உங்களுதுன்னு என்ன அத்தாட்சி?"

"எம் மக வாராவாரம் அங்கதாம்மா வருது."

"முழுசா வர்றாங்களா?"

"முழுசா இல்ல."

"அப்ப நீங்க பகுதி உரிமையாளர்."

"சரி, பகுதியாவே இருந்துட்டுப் போறேன். பூட்டு போட்டுக் குடு."

"நாப்பது எழுத்துல இருக்கு."

நாற்பது போதும். அது அவருக்கே தெரியும். ஆனால் முதலில் சொன்னதைக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை.

"நூறு போடும்மா. காலையில முதல் ஆளா வந்திருக்கேன்."

"உங்களுக்கு முன்னால ஒருத்தர் வந்துட்டுப் போனாரே?"

"அதுவும் நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நியாயம் இருந்தது. "அறுபது."

"தொண்ணூறு."

"எண்பது. அதுக்கு மேல எங்ககிட்ட எழுத்தே இல்ல சார்."

எண்பதுக்கு முடிந்தது. அண்ணாச்சிக்கு மனசு நிறைந்தது. கிளம்பப் போனவர், வெங்காயம் வாங்கினாலும் வீடு வாங்கினாலும் கடைசியில் கேட்பதைக் கேட்டார்.

"கொசுறு?"

அவள் நறுக்கிய வெண்டைக்காயோடு சேர்த்து எதையோ அள்ளிப் பொட்டலத்தில் போட்டாள். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கொசுறைப் பிரித்துப் பார்த்தால் கொடுத்தவருக்கு அவமரியாதை.

பூட்டைக் கொண்டுவந்து மாட்டியதும் பெட்டியின் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பக்கத்து வீட்டுச் சிரிப்பு பாதியில் நின்றது. இஸ்திரிக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

"இனி ஒருத்தன் உள்ள வர முடியாது" என்றார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கனகமணி தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அண்ணாச்சி எண்பது எழுத்தையும் பிசகில்லாமல் போட்டார்.

"யாரு?" என்றது பெட்டி.

"வீட்டுக்காரன்."

"கொசுறப் பாருங்க."

பொட்டலத்தைப் பிரித்தார். வெண்டைக்காய்க்கு நடுவில் ஒரு சின்னத் தாள்: பூட்டு வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

கனகமணி தலையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போது பக்கத்து வீட்டில் சுகிர்தாவின் குரல் கேட்டது. முழுக் குரல். அண்ணாச்சி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். பிச்சைக்கனி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், கூடத்தில், அவர் மகள் நெற்றியும் தோளும் சிரிப்புமாகத் திரை நிறைய உட்கார்ந்திருந்தாள். தெரு மொத்தமும் அவளைச் சுற்றிப் பாய் விரித்திருந்தது.

"நீங்க அடைச்சுட்டீங்கன்னு நானே ஒரு கனெக்சன் வாங்கிட்டேன் அண்ணாச்சி. பூட்டெல்லாம் போடல. பாவம், பிள்ளை எங்க போகும்?"

"எம் மகடா அது."

"யாரு இல்லன்னா? என்ன வேணும்னு சொல்லுங்க."

அண்ணாச்சி வாசல்படியைப் பார்த்தார். அவர் வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"முழுசா வேண்டாம். அந்த விஷயம் மட்டும்."

"அது பெரிய விஷயம்."

"பாதி குடு."

"அத உடைச்சா ரெண்டு பேருக்கும் ஆகாது அண்ணாச்சி."

"புதுக் கனெக்சன். முதல் பேரம் என்னோடது. போணிக்கு வந்தவன வெறுங்கையோட அனுப்புவியா?"

பிச்சைக்கனியின் முகம் மாறியது. என்ன இருந்தாலும் அவனும் வியாபாரி. மாடிக்குப் போனான். பழைய செய்தித்தாளில் எதையோ பொதிந்து எடுத்துவந்தான்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். கனகமணி பிரித்தாள். இடது காது. கொஞ்சம் மிளகாய் நெடி. கம்மல் பத்திரமாக இருந்தது.

ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்தார்கள்.

"சுகி, எங்களுக்குச் சம்மதம்தாம்மா" என்றாள் கனகமணி.

"என்னன்னு கேளு முதல்ல" என்றார் அண்ணாச்சி.

"என்ன விஷயம்மா?"

காது நன்றாகக் கேட்டுக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பதில் சொல்ல, தெருவே கைதட்டியது.